டாக்டரான பிள்ளைக்கு நாம் என்ன செய்கிறோம்?

ஒவ்வோர் ஆண்டும் நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கிறோம். மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த பிள்ளைகளை மேடைக்கு அழைத்துக் கேடயம் கொடுக்கிறோம். பெற்றோருக்கும் சேர்த்துப் பொன்னாடை போர்த்துகிறோம். அரங்கம் அதிரக் கைதட்டுகிறோம். வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்கும் பள்ளியில் ஆங்கிலமுமாக வளர்ந்து, நீட் தேர்விலும் தேறிய பிள்ளையைப் பாராட்டாமல் இருக்க முடியுமா? பாராட்ட வேண்டியதுதான். நானும் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவன்தான்.

ஆனால் அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்திருக்கிறோம்?

சில ஆண்டுகளுக்கு முன் நம் மேடையில் கேடயம் வாங்கிய பெண் ஒருத்தியைச் சென்ற தீபாவளி சமயத்தில் ரயிலில் சந்தித்தேன். வெளியூர் மருத்துவக் கல்லூரி ஒன்றில் எம்.டி. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். "எப்படிம்மா இருக்கே? படிப்பெல்லாம் எப்படிப் போகுது?" என்று கேட்டேன்.

"தீசிஸ் வேலை ஓடுது மாமா. கிராமத்துச் சர்க்கரை நோயாளிகளுக்குச் சிறுநீரகக் கோளாறு எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்குதுன்னு பார்க்கிறேன். நூறு பேரையாவது பார்க்கணும். கிட் வாங்கற செலவு ஸ்டைபண்டிலே இடிக்குது. நாற்பது பேரோட நிறுத்திக்கலாம்னு இருக்கேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நூறு பேரைப் பார்த்துச் சொல்ல வேண்டிய முடிவை நாற்பது பேரை வைத்துச் சொன்னால் என்ன ஆகும் என்பது பொறியியல் டிப்ளமா படித்த எனக்கே தெரியும். பாலத்துக்குக் கான்கிரீட் போடும்போது சோதிக்க வேண்டிய எண்ணிக்கையில் பாதிக் கட்டிகளை மட்டும் நசுக்கிப் பார்த்துவிட்டுப் பாலம் உறுதி என்று கையெழுத்துப் போட எந்த இன்ஜினீயரும் துணிய மாட்டார். அவள் ஆய்வேடு எப்படியும் ஏற்கப்பட்டுவிடும், பட்டமும் கிடைத்துவிடும். ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு நம்பத்தக்க பதில் கிடைக்காமலே போய்விடும். இடையில் குறுக்கே நின்றது அறிவோ உழைப்போ அல்ல, சில ஆயிரம் ரூபாய்.

அந்த உரையாடல்தான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது.

மருத்துவத்தில் முதுநிலைப் பட்டம் படிக்கும் ஒவ்வொருவரும் ஆய்வேடு ஒன்று சமர்ப்பித்தாக வேண்டும் என்பது நம் குடும்பங்களில் பலருக்குத் தெரியாது. நோயாளிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி பெற வேண்டும். ரத்த மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். ஊருக்குத் திரும்பிப்போன நோயாளியைத் தேடிப் பிடிக்க வேண்டும். கணக்கிட்டு எழுத வேண்டும். இவ்வளவும் வார்டு வேலைக்கும் இரவுப் பணிக்கும் இடையே நடக்க வேண்டும். இளம் டாக்டரின் மனத்தில் ஒரு நல்ல கேள்வி முளைப்பது பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான்.

ரயில்வேயில் கீமேன் என்று ஒரு பணியாளர் உண்டு. தினமும் தன் பகுதித் தண்டவாளத்தை நடந்தே பார்த்து வருபவர். தண்டவாளத்தில் விழும் விரிசலை முதலில் காண்பது பெரும்பாலும் அவர் கண்தான். மேலதிகாரியின் கண் அல்ல. மருத்துவமனையில் அந்தக் கீமேன் யார் என்றால், இரவு இரண்டு மணிக்கு வார்டில் நிற்கும் இளம் டாக்டர்தான். அவர் கண்ட விரிசலை ஆராய்ந்து பார்க்க வழி செய்து கொடுக்கிறோமா என்பதே என் கேள்வி.

இது வெறும் உவமை அல்ல. நமக்குப் பழக்கமான காட்பாடி ஸ்டேஷனிலேயே இதற்கு ஒரு வரலாற்றுச் சான்று இருக்கிறது.

1985-ஆம் ஆண்டின் இறுதி. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுநிலை மாணவியாக இருந்தவர் டாக்டர் செல்லப்பன் நிர்மலா. வயது 32, இரண்டு சிறு குழந்தைகளின் தாய். இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதையே ஆய்வேட்டுப் பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு அவருடைய பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன் யோசனை சொன்னார். அது மேல்நாட்டு நோய், நம் நாட்டில் வராது என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

நிர்மலாவுக்குத் தயக்கம் இருந்தது. ஊக்கம் கொடுத்தவர் கணவர். பாலியல் தொழிலில் ஈடுபட்டதற்காகப் பிடிக்கப்பட்டுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் ரத்த மாதிரி எடுக்கக் கணவரின் ஸ்கூட்டரில்தான் போய் வந்தார். இருவரும் வேலையில் அப்போதுதான் காலூன்றியவர்கள். கையில் காசு தட்டுப்பாடு. பஸ் கட்டணமாவது மிச்சமாகட்டும் என்பதும் அதற்கு ஒரு காரணம். கையுறை கிடையாது, பாதுகாப்புச் சாதனம் கிடையாது. பிரித்தெடுத்த ரத்த நீரைப் பத்திரப்படுத்த வசதி இல்லாமல் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்திருந்தார்.

அன்று அதைச் சோதிக்கும் வசதி சென்னையில் கிடைக்கவில்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் ஏற்பாடாயிற்று. 1986 பிப்ரவரியில் மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு கணவனும் மனைவியும் இரவு ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனார்கள். டாக்டர் ஜேக்கப் ஜான் தலைமையில் இருந்த வைரஸ் ஆய்வுப் பிரிவில் சோதனை நடந்தது. ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் கண்டறியப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் அன்றைய தமிழகச் சுகாதார அமைச்சர் டாக்டர் ஹண்டே சட்டமன்றத்தில் அதை அறிவித்தார். அதன் பிறகுதான் ரத்த தானத்தில் சோதனை, விழிப்புணர்வுப் பிரசாரம், தேசிய அளவிலான தடுப்புத் திட்டம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

ஒரு முதுநிலை மாணவியின் ஆய்வேடு ஒரு நாட்டின் கண்ணைத் திறந்தது. காட்பாடி பிளாட்பாரத்தில் எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். அந்த ஐஸ் பெட்டி இறங்கிய இடம் இது என்பது எனக்குப் பல காலம் தெரியாது.

இந்தக் கதையின் பின்பாதியையும் சொல்ல வேண்டும். 1987 மார்ச்சில் நிர்மலா ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். பிறகு சென்னை கிங் நிலையத்தில் தடுப்பு மருந்து தயாரிப்புப் பணியில் சேர்ந்து, 2010-இல் ஓய்வு பெற்றார். அது மதிப்புக்குரிய பணிதான். ஆனாலும் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தவர், அந்தத் துறையிலேயே ஆய்வைத் தொடர்ந்திருந்தால் இன்னும் என்னென்ன கண்டிருப்பார் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஆய்வேடு முடிந்ததும் அடுத்த படி எது என்று காட்டும் ஏணி அன்று நம் நாட்டு இளம் மருத்துவர்களுக்கு இல்லை என்றே சொல்லலாம்.

அந்த ஆய்வில் இன்னொரு குறையும் இருந்தது. ரத்தம் கொடுத்த பெண்களுக்கு அது எதற்கான சோதனை என்று விளக்கப்படவில்லை. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அதை அனுமதிக்காது. ஆய்வு நிதி என்பது வெறும் பணம் அல்ல. கேள்வி சரியா, வழி சரியா, நோயாளிக்கு நியாயம் நடக்கிறதா என்று பெரியவர்கள் பார்த்துச் சொல்லும் ஒரு கண்காணிப்பும் அதோடு சேர்ந்தே வருகிறது. அந்த வகையிலும் அது நல்லது.

இனி, இன்று என்னென்ன உதவிகள் இருக்கின்றன என்று பார்ப்போம். பெற்றோர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐ.சி.எம்.ஆர்., 1911-இல் வேறு பெயரில் தொடங்கி 1949-இல் இன்றைய பெயரைப் பெற்றது. எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். மாணவர்கள் ஒரு பேராசிரியரின் வழிகாட்டலில் இரண்டு மாதம் சிறிய ஆய்வு செய்து பழகுவதற்கான உதவித்தொகைத் திட்டத்தை 1979-இல் அது தொடங்கியது. முதுநிலை ஆய்வேட்டுக்கும் அது நிதி வழங்கி வந்திருக்கிறது. மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் மருத்துவ ஆராய்ச்சிக்கென்றே 2007-இல் தனித் துறை அமைக்கப்பட்டது. அதற்கும் பயிற்சித் திட்டங்கள் உண்டு.

இவற்றுக்கு மேலே பெரிய படியாக இருப்பது இந்தியா அலையன்ஸ். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் இங்கிலாந்தின் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து 2008-இல் தொடங்கியது, அலுவலகம் ஹைதராபாதில். மருத்துவர்களுக்கெனத் தனிப் பிரிவு வைத்து, ஆய்வு வாழ்க்கையின் தொடக்க நிலை, இடை நிலை, மூத்த நிலை என்று பகுத்து, ஐந்தாண்டு அளவுக்கு நிதி கொடுத்து வந்திருக்கிறார்கள். இத்திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2025 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மொத்தம் 1,500 கோடி ரூபாய். அதில் 1,000 கோடி அரசின் பங்கு, 500 கோடி வெல்கம் அறக்கட்டளையின் பங்கு.

பணத்தைப் போலவே இன்னொன்றும் வேண்டும்: நேரம். அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் இளம் மருத்துவர்களுக்குக் கொடுக்கும் 'கே' வகை விருதுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு நிபந்தனை உண்டு. விருது பெற்றவரின் வேலை நேரத்தில் 75 சதவீதத்தை ஆய்வுக்கென்று அவருடைய மருத்துவமனை விட்டுக்கொடுக்க வேண்டும். இங்கிலாந்தில் பயிற்சி மருத்துவர்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கு 25 சதவீத நேரம் ஆய்வுக்கென ஒதுக்கப்படுகிறது. நம் ஊரில் இளம் டாக்டர் ஆய்வுக்கு நேரம் கேட்டால், "ஓ.பி.யில் முன்னூறு பேர் நிற்கிறார்கள், அவர்களை யார் பார்ப்பது?" என்ற பதில்தான் வரும். அந்தப் பதிலிலும் நியாயம் இருக்கிறது என்பதுதான் வருத்தம்.

இவ்வளவு திட்டங்கள் இருந்தும் பயன் எங்கே போய்ச் சேருகிறது? மூத்த அறுவைச் சிகிச்சை நிபுணர் டாக்டர் சமிரன் நந்தியும் அவருடைய குழுவினரும் 2016-இல் வெளியிட்ட கணக்கு இது. 2005 முதல் 2014 வரை பத்தாண்டுகளில் இந்தியாவின் 579 மருத்துவக் கல்லூரிகளையும் மருத்துவமனைகளையும் எடுத்துப் பார்த்தார்கள். ஆண்டுக்கு நூறு கட்டுரைகளுக்கு மேல் வெளியிட்டவை 25 மட்டுமே. 332 நிறுவனங்களிலிருந்து ஒரு கட்டுரைகூட வரவில்லை. பாதிக்கு மேல்! டெல்லி, சண்டிகர், வேலூர் என்று சில இடங்களில் விளக்குகள் பிரகாசமாக எரிகின்றன. மற்ற இடங்களில் இருட்டு. அந்த இருட்டில் உட்கார்ந்திருப்பவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு.

பெரிய நிதிக்கு விண்ணப்பிக்கும்போது, "இதற்கு முன் என்ன ஆய்வு செய்திருக்கிறீர்கள்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். முன்பு செய்வதற்குச் சிறிய நிதி வேண்டும். சிறிய நிதி கிடைக்காதவருக்குப் பெரிய நிதியின் வாசலே தெரியாது. முதல் ஸ்லீப்பர் கட்டையைப் போடாமல் தண்டவாளம் எப்படி நீளும்? நம்மைப் போன்ற சிறு சங்கம் செய்யக்கூடியது அந்த முதல் கட்டையைப் போடுவதுதான்.

இதில் நமக்கு முன்னோடியும் உண்டு. எல்லாப்ரகட சுப்பாராவ் பெயரை நம் பிள்ளைகள் தெலுங்குப் பாடத்தில் படித்திருக்கலாம். 1895-இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். சகோதரர் இருவரை ஸ்புரூ என்னும் குடல் நோய்க்குப் பறிகொடுத்தவர். 1920-களின் தொடக்கத்தில் அவர் அமெரிக்கா போகத் துணை நின்றவை இரண்டு: மாமனார் திரட்டிக் கொடுத்த பணம், காக்கிநாடாவின் மல்லாடி சத்யலிங்க நாயக்கர் தர்ம ஸ்தாபனத்தின் உதவி. அரசு அல்ல, பல்கலைக்கழகம் அல்ல. குடும்பமும் ஊர்த் தர்மமும்தான். பாஸ்டனில் மருத்துவமனையில் இரவுப் பணியாளாக வேலை செய்து வயிற்றைக் கழுவிக்கொண்டு படித்தார். பிற்காலத்தில் அவர் தலைமையில் நடந்த ஆய்வுகளிலிருந்து வந்தவை எத்தனை! கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரை, புற்றுநோய்க்கும் மூட்டு நோய்க்கும் பயன்படும் மெதோட்ரெக்ஸேட், யானைக்கால் நோய் ஒழிப்புக்காக அரசு வீடு வீடாகக் கொடுத்த டி.இ.சி. மாத்திரை. சுப்பாராவ் தாய்நாடு திரும்பவில்லை. 1948-இல் அமெரிக்காவிலேயே காலமானார். ஆனால் அவருடைய மருந்துகள் திரும்பி வந்தன. காக்கிநாடாவின் தர்மம் வட்டியோடு வந்து சேர்ந்தது.

"இதெல்லாம் பெரிய ஊர்க் கதை, சித்தூரிலும் திருப்பதியிலும் ஆராய என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்கலாம். நம் மாவட்டத்துக்கு இந்த விஷயத்தில் பழைய பெருமை உண்டு. பழைய சித்தூர் மாவட்டத்தின் மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்யவரத்தில் 1915-இல் காசநோய் சானடோரியம் எழுந்தது. அதைச் சுற்றியுள்ள கிராமங்களில் 1950 முதல் 1955 வரை மக்களிடையே காசநோயின் பரவலை ஆராய்ந்து, அங்கிருந்த டாக்டர் ஃப்ரிமோட்-மோலர் எழுதிய நீண்ட கட்டுரையை 1960-இல் உலக சுகாதார நிறுவனம் தன் இதழில் வெளியிட்டது. அதற்குச் சற்று முன், 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், சானடோரியத்தில் படுக்க வைக்காமல் வீட்டிலிருந்தே மருந்து கொடுத்தாலும் நோய் குணமாகும் என்று 1959-இல் காட்டியது. உலகமே சிகிச்சை முறையை மாற்றிக்கொண்டது. நம் மண்ணில் கேட்ட கேள்விகள் உலகத்துக்குப் பதில் சொல்லியிருக்கின்றன.

இன்றும் வசதிகளுக்குக் குறைவில்லை. திருப்பதியில் 1960-இல் தொடங்கிய எஸ்.வி. மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தேவஸ்தானம் ஏற்படுத்திய ஸ்விம்ஸ் 1993-இல் செயல்படத் தொடங்கி, 1995-இல் பல்கலைக்கழகமாகி, 2012 முதல் சொந்தமாக ஆய்விதழும் நடத்துகிறது. பக்தர்கள் தரும் நன்கொடையில் நடக்கும் ஸ்ரீ பாலாஜி ஆரோக்ய வரப்பிரசாதினி திட்டம் ஏழைகளின் சிகிச்சைக்கு உதவுவதோடு, ஸ்விம்ஸ் மருத்துவர்களின் ஆய்வுகள் சிலவற்றுக்கும் கைகொடுத்திருக்கிறது. உண்டியலில் விழும் காசு நோயாளியின் மருந்தாகவும் ஆகலாம், நோயைப் பற்றிய அறிவாகவும் ஆகலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

நம் குடும்பப் பிள்ளைகளுக்கென்றே ஒரு தனித் தகுதியும் இருக்கிறது. சித்தூரிலிருந்து காட்பாடி சுமார் 35 கி.மீ. தூரம்தான். இப்பக்கத்துக் கிராமத்து நோயாளி விடியற்காலை ரயிலிலோ பஸ்ஸிலோ வேலூர் போய் வைத்தியம் பார்த்துக்கொண்டு சாயங்காலம் வீடு திரும்புகிறார். வீடு ஆந்திரத்தில், வைத்தியம் தமிழகத்தில். மருந்துச் சீட்டு ஒரு மாநிலத்தில், நோயாளி இன்னொரு மாநிலத்தில். ஊருக்குத் திரும்பியவர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாரா, பாதியில் விட்டாரா, ஏன் விட்டார் என்பதை யார் போய்க் கேட்பது? நகரியிலும் புத்தூரிலும் குப்பத்திலும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தமிழிலும் தெலுங்கிலும் பேசிக் கேட்கத் தெரிந்த டாக்டர் வேண்டும். அப்படிப்பட்ட டாக்டர்கள் நம் வீடுகளில் வளர்கிறார்கள். இரண்டு மொழி தெரிந்ததை இத்தனை நாள் பிழைப்புக்கு உதவும் சாமர்த்தியமாக மட்டுமே பார்த்துவிட்டோம். இந்த எல்லைப்புறத்து மருத்துவ ஆய்வுக்கு அது விலைமதிப்பில்லாத கருவி.

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு யோசனை சொல்கிறேன். ஆண்டுதோறும் இரண்டு இளம் மருத்துவர்களுக்குத் தலா 50,000 ரூபாய் ஆய்வு உதவியாகக் கொடுப்போம். கேடயம், பொன்னாடை, மாலை, மேடை அலங்காரம் ஆகியவற்றைச் சற்றுச் சுருக்கினாலே ஒரு பகுதி தேறும். மீதியை ஓய்வு பெற்ற என் போன்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் போதும். சிறுதுளி பெருவெள்ளம்.

நிபந்தனைகள் எளிமையாகவும் கண்டிப்பாகவும் இருக்க வேண்டும். எம்.டி., எம்.எஸ். படிப்பவரோ, படிப்பு முடிந்து ஐந்தாண்டுக்குள் இருப்பவரோ விண்ணப்பிக்கலாம். கேள்வி நம் சித்தூர், திருப்பதிப் பகுதி மக்களின் நோயைப் பற்றியதாக இருக்க வேண்டும். கல்லூரி நெறிமுறைக் குழுவின் அனுமதி கட்டாயம். பணத்தை ரொக்கமாகக் கையில் கொடுக்காமல், கல்லூரிக் கணக்கில் கட்டி, செலவுக்கு ரசீது கேட்க வேண்டும். தேர்வு செய்வது நம் நிர்வாகக் குழு அல்ல. ஓய்வு பெற்ற மருத்துவப் பேராசிரியர் மூவரைக் கொண்ட தனிக்குழு. விண்ணப்பித்தவருக்கு உறவினரானவர் அந்தக் குழுவில் இருக்கக் கூடாது. ஆய்வு முடிந்ததும், என்ன கண்டார் என்பதை நம் இதழில் எல்லோருக்கும் புரியும் தமிழில் ஒரு பக்கமும், ஆய்வுக்கு உட்பட்ட மக்களுக்குத் தெலுங்கில் ஒரு பக்கமும் எழுதித் தர வேண்டும். ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை என்றாலும் அதையும் எழுத வேண்டும்.

கடைசி நிபந்தனை சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ரயில்வேயில் புதுப் பாதை போடுமுன் சர்வே நடத்துவோம். சர்வே செய்த வழியெல்லாம் ரயில் பாதை ஆவதில்லை. "இந்த வழியில் பாதை போட முடியாது" என்பதும் சர்வேயின் பலன்தான். அதைத் தெரிந்துகொள்ளாமல் போட்டிருந்தால் எவ்வளவு நஷ்டம்! ஆய்வுக்குக் கொடுக்கும் பணமும் சர்வேக்குக் கொடுக்கும் பணம் போன்றதே.

மறுப்புகள் வரும் என்று தெரியும். "கஷ்டப்படும் நோயாளிக்கு இந்தப் பணத்தைக் கொடுத்தால் புண்ணியமாவது கிடைக்கும்" என்பார்கள். நோயாளிக்குக் கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. கேடயத்துக்குக் கொடுப்பதைக் குறைக்கத்தான் சொல்கிறேன். "டாக்டர்கள் நாளைக்கு நன்றாகச் சம்பாதிக்கப் போகிறவர்கள்தானே?" என்பார்கள். உண்மைதான். அந்தச் சம்பாத்தியம்தான் அவர்களை ஆய்விலிருந்து இழுத்துக்கொண்டு போகிறது. கல்விக் கடன், கல்யாணம், தங்கை படிப்பு என்று குடும்பம் கை நீட்டும் வயது அது. கிளினிக் திறந்தால் பணம், ஆய்வில் நின்றால் செலவு என்றால், யார்தான் நிற்பார்கள்? "வெளிநாட்டுக்குப் போய்விடுவார்கள்" என்பார்கள். சுப்பாராவும் போனவர்தான். "இது அரசின் வேலை" என்பார்கள். அரசின் கதவைத் தட்டும் தகுதியை நம் பிள்ளைக்கு உண்டாக்குவது நம் வேலை.

இன்னொன்று, இதற்குப் பணமே வேண்டாம். மருத்துவம் படிக்கும் பிள்ளை விடுமுறைக்கு வந்தால், "எப்போ பிராக்டிஸ் ஆரம்பிக்கப் போறே? எப்போ கல்யாணம்?" என்று கேட்கிறோம். இனிமேல், "என்ன கேள்விக்குப் பதில் தேடிக்கிட்டிருக்கே?" என்றும் கேட்போம். வீட்டில் அப்படிக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே பெரிய உதவி. நிர்மலாவின் கணவர் செய்ததும் அதுதான். அவர் மருத்துவ ஆய்வாளர் அல்ல. ஸ்கூட்டரை எடுத்தார், கூடவே ரயிலில் வந்தார்.

ரயிலில் சந்தித்த அந்தப் பெண்ணிடம் இறங்கும்போது நான் சொன்னது இவ்வளவுதான்: "நாற்பதோட நிறுத்தாதேம்மா. பாக்கி அறுபதுக்கு என்ன வழின்னு பார்ப்போம்." வாய் தவறிச் சொன்னதல்ல. சங்கத்தை நம்பித்தான் சொன்னேன். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவர இருக்கிறேன். ஆதரிப்பவர்கள் கை உயர்த்துங்கள். எதிர்ப்பவர்கள் காரணம் சொல்லுங்கள். பேசி முடிவெடுப்போம். அவளுடைய ஆய்வேட்டுக்கு இன்னும் சில மாதங்களே பாக்கி இருக்கின்றன.